தாமதம் என்று பெயர்

என் பெயர் ஹில்யா.
எங்கள் மொழியில் அதற்குத் 'தாமதமாக' என்று பொருள்.
வளைகுடாவுக்கு அக்கரையில், ஃபின்லாந்தில்,
கடைசி எழுத்தைக் கொஞ்சம் நீட்டினால்
'சத்தம் போடாமல்'.
இரண்டுக்கும் குறைவைக்காமல் முப்பத்தோரு வருடம்
டார்ட்டு பல்கலைக்கழக நிலவியல் துறையில்
தட்டச்சு செய்தேன்.

ரஷ்ய எழுத்துக்கு ஓர் இயந்திரம்,
எங்கள் எழுத்துக்கு ஓர் இயந்திரம்.
தலையில் சின்ன அலை சுமக்கும் எங்கள் உயிரெழுத்து
அடிக்கடி சிக்கிக்கொள்ளும்.
நாற்பத்திரண்டு ஆய்வேடுகள், ஐந்தைந்து நகல்கள்.
ஐந்தாவதில் எழுத்துகள்
பனிமூட்டத்துக்குள் நடந்துபோகிறவர்கள் போலத் தெரியும்.

சதுப்பில் குழாய் இறக்கிக்
கறுத்த சேற்றை நீளநீளமாக எடுத்து வருவார்கள்.
எந்தக் காலத்தில் பைன், எப்போது பிர்ச்,
முதல் கம்பரிசி வயல் எந்த ஆழத்தில்
என்று அறிய மகரந்தத்தை எண்ணவேண்டும்.
எண்ணியவள் மைமு கீஸ்க்.
ஆய்வுக்கூட உதவியாளர், கீழிருந்து இரண்டாம் சம்பளப் படி.
ஒரு கண் நுண்ணோக்கியில்,
மறுகண்ணால் மகனுக்குக் காலுறை பின்னுகிறாள்
என்று கேலி பேசுவார்கள்.
பொய். மறுகண் குறிப்பேட்டில் இருந்தது.

அவள் எண்ணினாள், அவர் எழுதினார், நான் அடித்தேன்.
நன்றியுரையில் பேராசிரியர்கள் ஏழு பேர்,
மாஸ்கோவில் ஒருவர்,
அப்புறம் 'பொறுமை காத்த மனைவிக்கு'.
அவள் பெயரையும் எழுதவில்லை.

ஒருமுறை ஒன்பதாம் அட்டவணையில் கூட்டுத்தொகை பிசகியிருந்தது.
திருத்தினேன், சொல்லவில்லை.
இன்னொருமுறை,
எழுபத்து நாலு பிப்ரவரி, மசி நாடா கூட விறைத்த குளிர்,
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் அடியில்
இரண்டு வரி இடம் மிஞ்சியது.
'எண்ணிக்கை: மை. கீஸ்க்' என்று அடித்துவிட்டேன்.
தேர்வாளர் மூவரும் அதைப் படித்தார்கள்
அல்லது படித்ததாகக் கையெழுத்திட்டார்கள்.

பிறகு நாடு மாறியது,
என் இயந்திரங்கள் கிடங்குக்குப் போயின.
ஐம்பத்தொன்பது வயதில் சேர்க்கைப் படிவம் வாங்கினேன்.
முன் அனுபவம் உண்டா என்றான் ஜன்னலுக்குப் பின்னிருந்த பையன்.
நாற்பத்திரண்டு ஆய்வேடுகளை வரி விடாமல் படித்திருக்கிறேன்,
இந்தக் கட்டடத்தில் வேறெவரும் அப்படிப் படித்ததில்லை
என்றேன்.
அவன் 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டான்.

மாலை வகுப்பு.
பால்பண்ணையிலிருந்து லேலோ, வாசனையோடு.
இரவுப்பணிக்கு முன் வந்துவிடும் செவிலி ட்ரீனு,
பெஞ்சுக்கடியில் கோட்டுக்குள் தூங்கும் அவள் மகள்.
ஒரு விரிவுரையாளர் தொண்டையைச் செருமினார்.
நாங்கள் பதினோரு பெண்களும் அவரைப் பார்த்தோம்.
அவர் தண்ணீர் குடித்துவிட்டுக் குரலைத் தணித்துப்
படிகப் பாறைகளைத் தொடர்ந்தார்.
பேருந்து நடத்துநருக்குத்தான் குழப்பம்,
எனக்கு மாணவர் சலுகையா முதியோர் சலுகையா என்று.

மூன்றாம் பருவத்தில் படிக்கச் சொன்ன பட்டியலில்
அந்த எழுபத்து நாலு இருந்தது.
நூலகத்தில் எனக்குக் கிடைத்தது ஐந்தாம் நகல்.
நூற்றுப் பன்னிரண்டு.
பனிமூட்டத்தில் மைமு நின்றுகொண்டிருந்தாள்.
ஓரத்தில் யாரோ பென்சிலால்
ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள்.

அன்றிரவே வோரு ஊருக்குத் தொலைபேசினேன்.
காது மந்தம், மூன்று முறை கத்தவேண்டியிருந்தது.
உன் பெயர் அச்சில் இருக்கிறது மைமு,
இருபத்து நாலு வருடமாக!
மூச்சு மட்டும் கேட்டது கொஞ்ச நேரம்.
பிறகு சொன்னாள்:
அந்தக் கணக்கில் பிர்ச் நான்கு குறைகிறது.
பிற்பாடு மறுபடி எண்ணினேன்.
யாரும் கேட்கவில்லை.

இரு, என்றேன்.
பென்சிலைத் தேடி எடுத்தேன்.
ட்ரீனுவின் மகள் வரைந்த குதிரைக்குப் பின்பக்கம்
காகிதம் வெறுமையாக இருந்தது.

கேட்கிறேன், மைமு.
முதல் ஆழத்திலிருந்து சொல்.